சாஃப்ட்வேர் போட்டப்புறம் சிஸ்டம் ஆன் ஆகலையா: சேஃப் மோடா, ரீஸ்டோரா, ரீசெட்டா, பார்மட்டா?

புதுசா ஒரு சாஃப்ட்வேர் போடுறோம், முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுது, பண்றோம், அதுக்கப்புறம் விண்டோஸ் உள்ளயே வர மாட்டேங்குது. புள்ளி வட்டமா சுத்திக்கிட்டே நிக்கும், இல்லன்னா ப்ளூ ஸ்கிரீன் வந்து தானா ரீஸ்டார்ட் ஆகி மறுபடி அதே ப்ளூ ஸ்கிரீன் வரும். இந்த நிலைமையில லேப்டாப்பை எடுத்துக்கிட்டு கடைக்குப் போனா நிறைய இடத்துல முதல் பேச்சே "பார்மட் போட்டுடலாம்ணே" தான். அவங்கள குத்தம் சொல்லல, ஒரே மெஷின் முன்னாடி அரை நாள் உக்காந்து என்ன ஆச்சுன்னு நோண்டுறதுக்கு பார்மட் போட்டா வேலை முடிஞ்சுது, காசும் அதேதான். ஆனா உள்ள இருக்கற போட்டோ, டேலி டேட்டா, காலேஜ் ப்ராஜக்ட், காசு குடுத்து லைசென்ஸ் வாங்கின சாஃப்ட்வேர் எல்லாம் நம்மளது, போனா நமக்குத்தான் போச்சு. அதனால எந்த வழியில சீக்கிரம் ஆன் ஆகும்னு பார்க்கறத விட, எந்த வழி நம்மகிட்ட இருந்து எதை எடுத்துக்கும்னு பார்த்து முடிவு பண்ணணும்ங்கறதுதான் என் கட்சி. விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் சேர்த்துதான் எழுதுறேன்.

முதல்ல எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க, ஏன்னா வழி அதை வெச்சுத்தான் மாறும். பவர் பட்டனை அமுக்கினதும் கம்பெனி லோகோவே வரலன்னா நீங்க போட்ட சாஃப்ட்வேர் மேல சந்தேகப்பட்டு பிரயோஜனம் இல்ல, அது ரேம், சார்ஜர், டிஸ்ப்ளே மாதிரி ஹார்டுவேர் பக்கம். லோகோ வந்து புள்ளி சுத்தி நிக்குதுன்னாலோ ப்ளூ ஸ்கிரீன் வருதுன்னாலோ விண்டோஸ் டிரைவர்களை (ஹார்டுவேரை விண்டோஸோட பேச வைக்கற சின்ன ப்ரோகிராம்கள்) லோடு பண்ற நேரத்துல ஏதோ ஒண்ணு கெடுக்குது, புதுசா போட்டதுதான் முதல் சந்தேகம். ப்ளூ ஸ்கிரீன்ல கடைசி வரியில எந்த ஃபைல் ஃபெயில் ஆச்சுன்னு சில நேரம் பேரே போட்டிருக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. விண்டோஸ் 11 24எச்2ல 2025ல இருந்து அந்த ஸ்கிரீனைக் கறுப்பா மாத்திட்டாங்க, அதனால கறுப்பா எழுத்தோட வந்தாலும் அதே விஷயம்தான்னு புரிஞ்சுக்கோங்க. மூணாவது வகை ஒண்ணு இருக்கு, பாஸ்வேர்டு போட்டு உள்ள போயிட்டீங்க, ஆனா கறுப்பு ஸ்கிரீன்ல மவுஸ் அம்புக்குறி மட்டும் நிக்குது. இது இருக்கறதுலயே லேசான கேஸ், கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வர வாய்ப்பு இருக்கு, வந்தா அதுல இருந்தே கன்ட்ரோல் பேனலைத் திறந்து புதுசா போட்டதைத் தூக்கிடலாம், கீழ எழுதின எதுவுமே தேவைப்படாது.

இன்னொண்ணு, பென்டிரைவ், பிரிண்டர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. புது சாஃப்ட்வேரோட சேர்ந்து வந்த டிரைவர் அந்த டிவைஸைத் தொட்டதும்தான் சாயுதுன்னா, கழட்டினதுமே சிஸ்டம் எழுந்து வந்துடும்.

ரிப்பேர் மெனுவுக்குப் போற வழி: பழைய எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துல எஃப்8 அமுக்கினா போதும், விண்டோஸ் 8ல இருந்து அது சும்மா அமுக்கினா வேலை செய்யாது. இப்ப என்ன பண்ணணும்னா, ஆன் பண்ணி புள்ளி சுத்த ஆரம்பிச்சதும் பவர் பட்டனைப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க, இப்படி ரெண்டு மூணு தடவை தொடர்ந்து பண்ணினா விண்டோஸே புரிஞ்சுக்கிட்டு ஆட்டோமேட்டிக் ரிப்பேர்னு நீல கலர் மெனுவுக்குக் கொண்டு வந்துடும். அங்க ட்ரபிள்ஷூட், அதுக்குள்ள அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். இனி பேசப்போறது எல்லாமே இந்த ஒரு பக்கத்துல இருந்துதான்.

இந்த இடத்துலதான் நிறைய பேரு மாட்டிக்குறாங்க. பிட்லாக்கர்னு, டிஸ்க்ல இருக்கறதைப் பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி ஒண்ணு இருக்கு, அதோட ரெக்கவரி கீ, 48 இலக்க நம்பர் கேக்கும். "நான் பிட்லாக்கரே போடலயே"ன்னு தோணும், ஆனா புது லேப்டாப்கள்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணினதுமே டிஸ்க் என்கிரிப்ஷன் தானா ஆன் ஆயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. பயப்பட வேணாம், போன்ல பிரவுசரைத் திறந்து அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணினா டிவைசஸ் பக்கத்துல அந்தக் கீ இருக்கும். ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டிபார்ட்மென்ட்கிட்ட இருக்கும். கீ இல்லன்னா சேஃப் மோடு, ரீஸ்டோர், டேட்டா எடுக்கறது எல்லாமே அடைஞ்சு போய், துடைச்சிட்டு புதுசா போடுற வழி மட்டும்தான் மிச்சம் இருக்கும், அதனால வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி கீயைத் தேடி ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க.

கீ கிடைச்சதும் ரிப்பேரை ஆரம்பிக்காதீங்க, முதல்ல டேட்டாவை வெளிய எடுங்க. இதுக்கு லினக்ஸ் பென்டிரைவ் எல்லாம் கூட வேண்டியதில்ல. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட்னு ஒண்ணு இருக்கு, அதைத் திறந்து நோட்பேட்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி என்டர் அடிச்சா நம்ம சாதாரண நோட்பேட் திறக்கும். ஃபைல் மெனுல ஓப்பன் குடுங்க, கீழ டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்னு இருக்கறதை ஆல் ஃபைல்ஸ்னு மாத்துங்க, அவ்வளவுதான், அந்தச் சின்ன ஜன்னலே ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரி ஆயிடும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள போய் உங்க பேரைத் திறந்து, வேணும்ங்கற ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி காப்பி, பென்டிரைவ்ல போய் பேஸ்ட். எவ்வளவு தூரம் காப்பி ஆச்சுன்னு காட்டுற பட்டை எதுவும் வராது, ஜன்னல் அப்படியே உறைஞ்ச மாதிரி நிக்கும், ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு மூடிடாதீங்க, காப்பி ஓடிக்கிட்டிருக்கும். சி டிரைவ்ங்கறது இங்க டி டிரைவ்னோ வேற எழுத்துலயோ காட்டலாம், அதையும் பார்த்துக்கோங்க. ஃபைல் நிறைய இருக்கு, நூறு ஜிபி மேலன்னா உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ பென்டிரைவ்ல போட்டு பூட் பண்றது சௌகரியம், என்ன ஒண்ணு, விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ல பாதித் தூக்கத்துல இருந்தா லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது, நமக்குக் காப்பி எடுக்கறதுக்கு அதுவே போதும்.

டேட்டா வெளிய வந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் எந்த வழியா இருந்தாலும் நிம்மதியா முயற்சி பண்ணலாம். சரி, வழிகளுக்கு வருவோம்.

ஸ்டார்ட்அப் ரிப்பேர்ங்கற முதல் பட்டனைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. அது பூட் ஃபைல்கள் கெட்டிருந்தா சரி பண்ணும், நீங்க போட்ட சாஃப்ட்வேரைத் தூக்காது. எதையும் இழக்க மாட்டோம்ங்கறதால ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, சரி பண்ண முடியலன்னு சொன்னா மறுபடி மறுபடி அதையே அமுக்கிக்கிட்டு இருக்காதீங்க. யூட்யூப்ல காட்டுற பூட்ரெக் கமாண்டுகளும் இதே ரகம்தான், அதுல முக்கால்வாசி பழைய பயாஸ் மெஷினுக்கு எழுதினது, இப்ப இருக்கற யூஇஎஃப்ஐ மெஷின்ல ஆக்சஸ் டினைடுன்னு வந்து நிக்கும். ரெக்பேக் ஃபோல்டர்ல இருந்து ரெஜிஸ்ட்ரியைக் காப்பி பண்ணுன்னு சொல்றதும் விண்டோஸ் 10 1803ல இருந்து உதவாது, அந்த ஃபோல்டர்ல விண்டோஸ் தானா பேக்அப் எடுக்கறதையே நிறுத்திட்டாங்க.

உண்மையான போட்டி சேஃப் மோடுக்கும் சிஸ்டம் ரீஸ்டோருக்கும் நடுவுலதான்.

சேஃப் மோடுக்கு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் குடுத்தா ஒரு லிஸ்ட் வரும், 4 அமுக்கினா சேஃப் மோடு, 5 அமுக்கினா நெட்வொர்க்கோட சேஃப் மோடு. அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் வெச்சு விண்டோஸ் வரும், அதனால கிராஃபிக்ஸ் டிரைவர், ஆன்டிவைரஸ், மெய்நிகர் கேமரா, வேற எது கெடுத்திருந்தாலும் அது பெரும்பாலும் லோடு ஆகாது. இதுல இருக்கற பெரிய லாபம் என்னன்னா நாம குறி வெச்சு அந்த ஒண்ணை மட்டும் தூக்கலாம், மத்த எதுவும் அசையாது. ஆனா ரெண்டு இடத்துல முட்டும். ஒண்ணு, தினமும் பின் நம்பர் போட்டுப் போட்டு ஒரிஜினல் பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும், சேஃப் மோடுல பின் வேலை செய்யாம பாஸ்வேர்டு கேக்கறது சகஜம், அப்ப 5 போட்டு நெட்வொர்க்கோட வந்தா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பாஸ்வேர்டு எடுத்துக்கும். ரெண்டாவது, விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடுல ஓடாது, அதனால சில சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணப் போனா இன்ஸ்டாலர் சர்வீஸைத் தொட முடியலன்னு எரர் வரும். அங்கயே நம்பிக்கையை விட்டுட்டு பார்மட்டுக்குப் போறவங்க நிறைய பேரு, தேவையே இல்ல. எம்எஸ்கான்ஃபிக் (msconfig, விண்டோஸ் ஆன் ஆகும்போது எதெல்லாம் ஓடணும்னு மாத்தற கருவி) திறந்து சர்வீசஸ் டேப்ல மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கற டிக்கைப் போட்டுட்டு, மிச்சம் இருக்கறதுல புது சாஃப்ட்வேரோட சர்வீஸை டிக் எடுத்து விடுங்க, டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப்லயும் நிறுத்துங்க, நார்மலா ரீஸ்டார்ட் பண்ணுங்க, உள்ள வந்ததும் நிதானமா அன்இன்ஸ்டால் பண்ணலாம். டிரைவர்தான் பிரச்சனைன்னா டிவைஸ் மேனேஜர்ல அந்த டிவைஸைத் திறந்து ரோல்பேக் (முந்தின டிரைவருக்குத் திரும்பறது), இல்லன்னா டிரைவர் ஃபைலோட சேர்த்து அன்இன்ஸ்டால், ரெண்டுமே சேஃப் மோடுல வேலை செய்யும். எம்எஸ்கான்ஃபிக்ல சேஃப் பூட்ங்கற டிக்கை மட்டும் தொடாதீங்க, பாஸ்வேர்டு தெரியாம அதைப் போட்டுட்டா ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடுக்கே வந்து அந்த பாஸ்வேர்டு பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும்.

சேஃப் மோடு எவ்வளவு தூரம் காப்பாத்தும்ங்கறதுக்கு 2024 ஜூலை 19ஐ விட பெரிய உதாரணம் கிடையாது. கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி கம்பெனி அனுப்பின ஒரு தப்பான அப்டேட்ல உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் ப்ளூ ஸ்கிரீன்ல விழுந்துச்சு, நம்ம நாட்டு ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு அவங்க சொன்ன வழி பார்மட் இல்ல. சேஃப் மோடுக்கோ ரிப்பேர் மெனுவுக்கோ போய், டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள்ள அவங்க பேர்ல இருக்கற ஃபோல்டர்ல C-00000291னு ஆரம்பிக்கற ஒரே வகை ஃபைலை டெலீட் பண்ணிட்டு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். நிறைய ஆபீஸ்கள்ல நாள்கணக்கா இழுத்ததுக்குக் காரணம் ஒவ்வொரு மெஷின்கிட்டயும் ஆள் போய் உக்கார வேண்டியிருந்தது, அதோட பிட்லாக்கர் கீயைத் தேட வேண்டியிருந்தது. அத்தனை பெரிய கம்பெனிகளோட மெஷினுக்கே ஒரு ஃபைலைத் தூக்கினா போதும்னா, நம்ம வீட்டு லேப்டாப்பை எடுத்ததும் துடைக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கு?

சிஸ்டம் ரீஸ்டோர் வேற மாதிரி. என்ன கெடுத்துச்சுன்னு நமக்குத் தெரியவே வேண்டாம், தேதியைத் தேர்ந்தெடுத்தா அந்தத் தேதிக்கு ரெஜிஸ்ட்ரி, டிரைவர், சிஸ்டம் ஃபைல் எல்லாம் திரும்பிடும், டாக்குமென்ட், போட்டோ அப்படியே இருக்கும். நிறைய சாஃப்ட்வேரும் டிரைவரும் இன்ஸ்டால் ஆகும்போது தானா ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போட்டுட்டுத்தான் போடும், அதனால லிஸ்ட்ல கரெக்டா அந்த சாஃப்ட்வேருக்கு முந்தின நேரமே கிடைக்கறது உண்டு. தேதியை செலக்ட் பண்ணினதும் கீழ ஸ்கேன் ஃபார் அஃபெக்டெட் ப்ரோகிராம்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்காம நெக்ஸ்ட் குடுக்காதீங்க, எந்த சாஃப்ட்வேர் எல்லாம் போயிடும், எது திரும்ப வரும்னு அதுவே பட்டியல் போட்டுக் காட்டும். சந்தேகப்பட்ட சாஃப்ட்வேர் பேரு அந்தப் பட்டியல்ல இருந்துச்சுன்னா சரியான தேதியைத்தான் பிடிச்சிருக்கீங்க.

குறைன்னு பார்த்தா ரெண்டு. நிறைய மெஷின்ல ரீஸ்டோர் பாயிண்ட் போடுற சிஸ்டம் ப்ரொடெக்ஷன் ஆஃப்லயே இருக்கும், ரீஸ்டோர் பாயிண்டே இல்லன்னு சொல்லிடும், அப்ப இந்த வழி அங்கயே முடிஞ்சுது. அடுத்தது, விண்டோஸுக்குள்ள இருந்து ரீஸ்டோர் பண்ணினா பிடிக்கலன்னு திரும்பிக்கலாம், ரிப்பேர் மெனுல இருந்தோ சேஃப் மோடுல இருந்தோ பண்ணினா அந்த ரீஸ்டோரைத் திருப்ப முடியாது, வேற தேதி இருந்தா அதுக்கு வேணா போகலாம்.

ரெண்டுல எது முதல்ல? என் முடிவு இப்படி. என்ன போட்டோம்னு தெளிவா தெரியும், அது ஒரே ஒரு சாஃப்ட்வேர், பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்குன்னா சேஃப் மோடு. ஒரே நாள்ல நாலஞ்சு சாஃப்ட்வேர் போட்டீங்க, கூடவே டிரைவர் அப்டேட்டர் மாதிரி ஒண்ணு உள்ள புகுந்து பத்து டிரைவரை மாத்திடுச்சு, இல்லன்னா ஏற்கனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்க ரெண்டாவதா ஒண்ணைப் போட்டு ரெண்டும் மோதுது, இதுக்கெல்லாம் ரீஸ்டோர்தான், ஏன்னா ஒவ்வொண்ணா தூக்கப் போனா எதையோ ஒண்ணை விட்டுடுவோம். கிராக் பண்ணின சாஃப்ட்வேரோ ஆக்டிவேட்டரோ போட்டுத்தான் இப்படி ஆச்சுன்னா ரெண்டுமே வேண்டாம். ஆன் ஆயிடுச்சுன்னாலும் உள்ள என்ன உக்காந்திருக்குன்னு சொல்ல முடியாத மெஷின்ல பேங்க் லாகின் பண்றது சரியில்ல, டேட்டாவை மட்டும் எடுத்துட்டு நேரா க்ளீன் இன்ஸ்டால் (டிஸ்க்கைத் துடைச்சிட்டு விண்டோஸைப் புதுசா போடுறது) போங்க, பாஸ்வேர்டுகளை வேற மெஷின்ல இருந்து மாத்துங்க. இந்த ஒரு விஷயத்துல கடைக்காரர் சொல்ற பார்மட் சரிதான்.

சாஃப்ட்வேரோட சேர்ந்து விண்டோஸ் அப்டேட்டும் அதே ரீஸ்டார்ட்ல ஏறியிருந்தா பழி சாஃப்ட்வேர் மேல விழும், உண்மையான காரணம் அப்டேட்டா இருக்கும். ரீஸ்டோர் பாயிண்ட் இல்லாதவங்க அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்ல கடைசி குவாலிட்டி அப்டேட்டைத் தூக்கிப் பாருங்க, பர்சனல் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது.

சேஃப் மோடும் வரல, ரீஸ்டோரும் இல்லங்கறவங்களுக்கு ரீசெட்டுக்கு முன்னாடி இன்னொரு படி இருக்கு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல டிஸ்ம்னு (DISM) ஒரு கருவி, ஆன் ஆகாத விண்டோஸை வெளிய இருந்தே பார்த்து அதுல இருக்கற வெளி டிரைவர்களைக் கம்பெனி பேரோட பட்டியல் போடும், நீங்க போட்ட சாஃப்ட்வேர் கம்பெனியோட டிரைவர் எதுன்னு பார்த்து அதை மட்டும் நீக்கலாம். கமாண்ட் டைப் பண்ணத் தயக்கம் இருந்தா விவரம் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்கோங்க. ஸ்டோரேஜ் டிரைவரையே மாத்திட்டு இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்னு ப்ளூ ஸ்கிரீன் வர்ற கேஸ்ல சேஃப் மோடே வராம போகலாம், அங்க இது நல்லா உதவும்.

அடுத்தது ரீசெட் திஸ் பிசி. இதுல கீப் மை ஃபைல்ஸ்னு இருக்கற வார்த்தையைப் பார்த்து எல்லாமே பத்திரமா இருக்கும்னு நம்பிடாதீங்க. உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபைல் நிக்கும், நீங்க போட்ட சாஃப்ட்வேர் அத்தனையும் போயிடும், ஆபீஸ், டேலி, போட்டோஷாப், தமிழ் டைப்பிங் கீபோர்டு, பிரிண்டர் டிரைவர் எல்லாம் மறுபடி போடணும், லைசென்ஸ் கீ எங்க வெச்சோம்னு தேடணும். சி டிரைவ்ல நேரா நீங்களா உண்டாக்கின ஃபோல்டர்லயோ ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளயோ டேட்டா வெச்சிருந்தா அது இருக்கும்னு நம்பவே கூடாது, கணக்கு சாஃப்ட்வேர், பில்லிங் சாஃப்ட்வேர் நிறைய அங்கதான் டேட்டாவை வெக்கும், கடை வெச்சிருக்கவங்க இதைக் கண்டிப்பா கவனிக்கணும். லோக்கல் ரீஇன்ஸ்டால், க்ளவுட் டவுன்லோடுன்னு ரெண்டு கேக்கும், க்ளவுட்ல 4 ஜிபிக்கு மேல இறக்கும், நெட் இருந்தா அதையே எடுங்க, ஏன்னா லோக்கல் ஃபைலே கெட்டிருந்தா பாதியில எரர் காட்டி நின்னுடும். சார்ஜரைக் கழட்டாம ஓட்டுங்க.

க்ளீன் இன்ஸ்டால் எல்லாருக்கும் தெரிஞ்சது, 8 ஜிபி பென்டிரைவ் இருந்தா போதும், பெரும்பாலான லேப்டாப்ல ஆக்டிவேஷன் மதர்போர்டோட ஒட்டியிருக்கறதால கீ கூட கேக்காது. ஆனா ஒரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல. இன்ஸ்டால் பண்ணும்போது பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கற பக்கத்துல பார்மட் பட்டனையும் டெலீட் பட்டனையும் தொடாம, பழைய விண்டோஸ் இருக்கற பார்ட்டிஷனையே செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுத்தா பழைய யூசர்ஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் எல்லாம் விண்டோஸ் ஓல்டுங்கற ஃபோல்டருக்குள்ள போய் உக்காந்துக்கும், இடம் மட்டும் போதுமான அளவு காலியா இருக்கணும். அது சில நாள்ல தானா அழிஞ்சுடும், பத்து நாள்தான் கணக்கு, அதனால அன்னைக்கே உள்ள போய் வேணும்ங்கறதை எடுத்துடணும். கடையில குடுத்துத்தான் ஆகணும்னா "பார்மட் பண்ணாம மேலயே இன்ஸ்டால் பண்ணுங்க, விண்டோஸ் ஓல்டு வேணும்"னு சொல்லிக் குடுங்க, சொன்னா செய்வாங்க. 11வது ஜெனரேஷன் இன்டெல்லுக்கு அப்புறம் வந்த லேப்டாப்கள்ல சிலதுல டிஸ்க்கே காட்டலன்னு இன்ஸ்டாலர் சொல்லும், டிஸ்க் போச்சுன்னு அர்த்தம் இல்ல, டிஸ்க்கை இன்ஸ்டாலருக்குக் காட்டற இன்டெல் விஎம்டி டிரைவரைப் பென்டிரைவ்ல வெச்சு லோடு பண்ணினா காட்டிடும்.

ஃபைலும் சாஃப்ட்வேரும் ரெண்டுமே நிக்கற மாதிரி விண்டோஸை மட்டும் மறுபடி போடுற ரிப்பேர் இன்ஸ்டால் ஒண்ணு இருக்கு, ஆனா அது விண்டோஸ் நார்மலா ஆன் ஆகி உள்ள இருந்து செட்டப்பை ஓட்டினாத்தான் கிடைக்கும், பென்டிரைவ்ல பூட் பண்ணினா அந்த ஆப்ஷன் வராது. அதனால சேஃப் மோடு வழியா தட்டுத் தடுமாறியாவது ஒரு தடவை நார்மலா உள்ள வந்துட்டீங்க, ஆனா சிஸ்டம் இன்னும் ஒழுங்கா இல்லன்னா, ரீசெட்டுக்குப் போகாம இதைப் பண்ணுங்க. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ்ல ரெக்கவரி பக்கத்துலயே விண்டோஸ் அப்டேட் மூலமா சரி பண்ற பட்டன் வெச்சிருக்காங்க, அதுவும் இதே வேலைதான்.

சிஸ்டம் எழுந்து வந்ததும் அந்த சாஃப்ட்வேரை மறுபடி போடுறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் மெனுல க்ரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்னு தேடுங்க, வர்ற ஜன்னல்ல சி டிரைவை செலக்ட் பண்ணி கான்ஃபிகர் போய் ப்ரொடெக்ஷனை ஆன் பண்ணுங்க, டிஸ்க்ல ஒரு 5 சதவீதம் இடம் ஒதுக்குங்க, க்ரியேட் அமுக்கி ஒரு பாயிண்ட் போட்டுட்டு அப்புறம் இன்ஸ்டாலரைத் திறங்க.